சுண்டுவிரல் சாட்சி

நான் ஜன்னல் பக்கம் நகந்துக்கிறேன், உக்காருங்க தம்பி. போடிக்கா போறீங்க? நானும் போடிதான். அப்ப இந்த பஸ்ஸுல இன்னும் ரெண்டரை மணி நேரத்துக்கு நீங்கதான் எனக்குத் தொணை. தூங்குறதுன்னா தூங்குங்க, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். ஆனா தூங்குறதுக்கு முன்னாடி ஒரு நாயம் மட்டும் சொல்லிட்டுத் தூங்குங்க. ஊர்ல யாருகிட்டயும் கேக்க முடியல. எல்லாப் பயலும் ஏதாவது ஒரு பக்கம் சாஞ்சுக்கிட்டு நிக்கிறாய்ங்க. நீங்க வெளியாளு, உங்களுக்கு யாரு வேண்டியவன், யாரு வேண்டாதவன்.

நான் மதுரை ஜெயிலுக்குப் போயிட்டு வர்றேன். அட, நகராதீங்க, நான் உள்ள இருந்த ஆளு இல்ல. மனுப் போட்டு ஒருத்தனப் பாத்துட்டு வர்றேன். தவமணின்னு பேரு, ஜீப்பு டிரைவர். போன ஆவணியில ரெண்டு வருஷம் போட்டு உள்ள தள்ளிட்டாய்ங்க. என் சாட்சியாலதான் அவன் உள்ள போனான்னு ஊர்ல ஒரு பேச்சு. அது சரியா தப்பா, எனக்கு அதத்தான் தெரிஞ்சுக்கணும்.

என் பேரு வனராசு. மெக்கானிக். மலைக்குப் போற ஜீப்புகள்ல பாதி என் ஷெட்டுக் குழிக்கு வந்துதான் போகும். போகும் என்ன, போயிக்கிட்டிருந்துச்சு. உங்களுக்குத் தெரியுமான்னு தெரியல, எங்க பக்கத்துப் பொம்பளைக ஏலக்காத் தோட்டத்து வேலைக்கு மலையேறுவாங்க. விடிஞ்சதும் ஜீப்புல ஏத்திக்கிட்டுப் போயி, சாயங்காலம் அதே ஜீப்புல எறக்கிக் கொண்டாந்து விடுவாய்ங்க. ஒரு வண்டியில பன்னெண்டு பேரு, பதினாலு பேரு. தவமணி இருபது வருஷமா அந்த ஓட்டந்தான். நல்ல டிரைவரு. அதையும் நான் கோர்ட்டுல சொன்னேன். எழுதுனாய்ங்களா இல்லையான்னு தெரியாது.

என்னைய அண்ணேன்னுதான் கூப்புடுவான். கூடப் பொறக்கல, அம்புட்டுத்தான். அவன் கல்யாணத்துக்குப் பொண்ணு மாப்பிள்ளைய வச்சு வண்டி ஓட்டுனதே நான்தான். அவன் பொண்டாட்டி அன்னக்கொடி என்னைய மாமான்னு வாய் நெறையக் கூப்புடும். நம்ம குடும்பத்து ஆளுன்னு நெனச்ச ஒருத்தன நான் வேணும்னு மாட்டிவிடுவேனா? அத முதல்ல யோசிங்க.

அன்னைக்கு நடந்தத அப்படியே சொல்றேன், கூட்டிக் கொறைச்சுச் சொல்ல மாட்டேன். ஐப்பசி மாசம், மழை விட்டிருந்துச்சு. சாயங்காலம் அஞ்சரை மணி, நல்ல வெளிச்சம். தவமணி பொம்பளைகள எறக்கிவிட்ட கையோட நேரா என் குழி மேல வண்டியக் கொண்டாந்து நிறுத்துனான். கியர் பாக்ஸுல ஊன்னு ஒரு சத்தம் வருதுண்ணே, எறக்கத்துல செகண்ட் கியரு தானாத் துள்ளி நியூட்ரல்ல விழுகுது, ஆயில் இருக்கான்னு பாருன்னான்.

நீங்க கார் வச்சிருக்கீங்களா? அப்ப இதத் தெரிஞ்சுக்கங்க, காருக்கும் இதே கதைதான். இஞ்சினுக்குக் குச்சி இருக்கு. உருவித் தொடச்சு, மறுபடி விட்டு எடுத்தா எம்புட்டு ஆயில்னு கோடு சொல்லிரும். நம்ம வண்டிக கியர் பாக்ஸுக்கு அந்தக் குச்சி கெடையாது. வண்டிய மட்டமா நிறுத்தணும், மேடு பள்ளத்துல நிறுத்துனா ஆயில் ஒரு பக்கமா ஒதுங்கி நின்னு ஏமாத்தும். அடியில போனா பாக்ஸோட பக்கவாட்டுல பாதி ஒசரத்துல ஒரு நட்டு இருக்கும். அதக் கழட்டணும். கழட்டுனதும் லேசா வழிஞ்சா நெறஞ்சிருக்கு. வழியலேன்னா சுண்டுவிரல ஓட்டைக்குள்ள விட்டுக் கீழ் பக்கமா வளைக்கணும். விரல்ல ஆயில் தட்டுப்பட்டா சரி. தட்டுப்படலேன்னா தொண்ணூறு நம்பர் ஆயில பம்புல ஏத்தி, ஓட்டையோட உதட்டுல வழியிற வரைக்கும் ஊத்தி, நட்டப் போட்டு முறுக்கிரணும். பத்து நிமிஷ வேலை. இதுக்கு மெஷினும் வேணாம் படிப்பும் வேணாம். முப்பத்தி நாலு வருஷமா இந்த விரலாலதான் பாக்குறேன்.

அன்னைக்கு இன்னொரு வண்டிக்கு இஞ்சின் ஆயில் மாத்திக்கிட்டிருந்தேன். முழங்கை வரைக்கும் கறுப்பு ஆயிலு. அப்படியே குழிக்குள்ள எறங்குனேன். ஸ்பேனர வச்சு நட்ட எளக்கி, மிச்சத்தக் கையாலயே திருகி எடுத்தேன். வழியல. சில வண்டியில உதட்டுக்கு ஒரு நூல் கீழ நிக்கும், வழியாது. சுண்டுவிரல விட்டேன், வளைச்சேன், எடுத்தேன். விரல் பூரா ஆயிலு, பளபளங்குது. மேல தவமணி குனிஞ்சு பாத்துக்கிட்டு நின்னான். விரலத் தூக்கிக் காட்டுனேன். கழுத்து வரைக்கும் இருக்குடா, எடுத்துட்டுப் போன்னேன்.

அவன் போகல. கையத் தொடச்சிட்டு இன்னொருக்காப் பாருண்ணேன்னான். எனக்குச் சுர்ருன்னு ஏறிருச்சு. எங்கிட்ட வந்து கையத் தொடைங்குறான்! அப்ப ஒரு அரை லிட்டராவது ஊத்தி விடுண்ணே, மனசுக்கு ஒரு இதா இருக்கும்னான். மனசுக்காகவெல்லாம் ஆயில் ஊத்த முடியாதுடா, கூட ஊத்துனா ரப்பர் சீலப் பிதுக்கிக்கிட்டுக் கிளச்சுக்குப் போயிரும், அப்புறம் அதுக்கும் எங்கிட்டத்தான் வந்து நிப்பன்னு வஞ்சுவிட்டேன். நீ கியரப் போட்டு ஓட்டுற வேலையப் பாரு, மத்தது எனக்குத் தெரியும்னேன். அவன் எப்பவும் என்னைய எதுத்துப் பேச மாட்டான். நட்ட முறுக்கிட்டு மேல வந்துட்டேன்.

மறுநாள் அதே நேரத்துக்கு, மலையவிட்டு எறங்குறப்ப, ஒரு வளைவுல வண்டி பாறையில போயி மோதிக் கவுந்துருச்சு. உள்ள பன்னெண்டு பொம்பளைக. மூணு பேரு அந்த எடத்துலயே முடிஞ்சுட்டாங்க. அதுல பவுனுத்தாயி எங்க தெரு. காலையில என் ஷெட்டத் தாண்டித்தான் போச்சு, கையில தூக்குவாளியோட, இன்னைக்கு மழை வருமா அண்ணேன்னு கேட்டுட்டுப் போச்சு. வராது தாயின்னேன். மூணு பேருக்கும் புள்ளைக இருக்கு தம்பி. மூணு வீட்டுக்கும் போனேன். மூணு வீட்லயும் அழுதேன். மனுசன்னா அழுகத்தான் செய்வான்.

தவமணிக்கு விலாவுல ரெண்டு எலும்பு போச்சு. ஆஸ்பத்திரிக் கட்டில்ல இருந்தே போலீசுக்குச் சொல்லிட்டான். செகண்ட் கியரு துள்ளிருச்சு, மறுபடி போட்டா விழல, பல்லு நறநறங்குது, பிரேக்க மிதிச்சு மிதிச்சு அது சூடேறிப் பிடிக்காமப் போயிருச்சுன்னு. போலீசு நம்பல. வண்டியப் பாத்த ஆபீசரு, கியர் கம்பி நியூட்ரல்ல இருக்குன்னு எழுதிட்டாரு. டீசல மிச்சம் பிடிக்க நியூட்ரல்ல போட்டு எறங்கியிருக்கான்னு கேசு. மலையில ஓட்டுற டிரைவருக செய்யிற வேலைதான அது? தவமணி செஞ்சு நான் பாத்ததில்ல. ஆனா செய்யாத டிரைவரு யாரு, நீங்களே சொல்லுங்க.

இதுல கியர் பாக்ஸு பாறையில அடிச்சு ரெண்டாப் பொளந்து கெடந்துச்சு. உள்ள ஆயில் இருந்துச்சா இல்லையான்னு பாக்க வழியில்ல. ஆயில் இல்லாமத்தான் கியரு துள்ளுச்சுன்னு அவன் வக்கீலு சொல்றாரு. முந்துன நாளு அந்தப் பாக்ஸத் தொறந்து பாத்தது உலகத்துலயே ஒரே ஆளு. நான்தான். அதனால எனக்கு சம்மன் வந்துச்சு.

சாட்சிக்கு முந்துன நாளு அன்னக்கொடி ஷெட்டுக்கு வந்துச்சு. ரெண்டு பொட்டப்புள்ளைகளையும் கூட்டிக்கிட்டு வந்து, வாசல்லயே நின்னுச்சு. உள்ள வா தாயின்னேன், வரல. “சரியாத் தெரியலைன்னு மட்டும் சொல்லுங்க மாமா. ஆயில் இல்லைன்னு சொல்ல வேணாம். தெரியலைன்னு சொன்னாப் போதும்”னுச்சு.

எனக்கு எப்படி இருக்கும்? விரல விட்டுப் பாத்துட்டு வந்து தெரியலைன்னு சொல்றதா? கோர்ட்டுல நின்னு பொய் சொல்லச் சொல்றியா தாயி, நாளைக்கு எவன் என் குழிக்கு வண்டியக் கொண்டாருவான்னு கேட்டேன். அது புள்ளைகளக் கூட்டிக்கிட்டுப் போயிருச்சு. மறுநாள் கூண்டுல ஏறுனேன். டார்ச் அடிச்சுப் பாத்தீங்களான்னு அவன் வக்கீலு கேட்டாரு. ஆயில் பாக்க டார்ச் எதுக்குங்க, விரல் இருக்குன்னேன். கையில மொதல்லயே ஆயில்தான இருந்துச்சுன்னாரு. அய்யா, ஆயில் தொடுறதுக்கும் தொடாததுக்கும் வித்தியாசம் தெரியாத கையா இதுன்னு ஜட்ஜைப் பாத்துக் கேட்டேன். கோர்ட்டே சிரிச்சுச்சு. தவமணி மட்டும் சிரிக்கல, தலையக் குனிஞ்சுக்கிட்டு இருந்தான்.

ரெண்டு வருஷம்னு தீர்ப்பாச்சு. அப்பீலு போகலாம்னு வக்கீலு சொல்லியிருக்காரு. மூணு உசுரு போயிருச்சு, நான் வெளிய இருந்து என்ன செய்யப்போறேன்னுட்டானாம். பாத்தீங்களா? தப்பில்லாதவன் அப்படிச் சொல்லுவானா? நான் அதத்தான் எல்லாருகிட்டயும் சொன்னேன்.

உசிலம்பட்டி வந்துருச்சு. டீ குடிக்கிறீங்களா? வேணாமா? சரி, எனக்கும் வேணாம். சக்கரை. ஏழு வருஷமா இருக்கு. யாருக்குத்தான் இல்ல.

தீர்ப்புக்கு அப்புறம் ஊரே மாறிப்போச்சு தம்பி. அன்னக்கொடி தண்ணிக் குழாயில நின்னுக்கிட்டுப் பேச ஆரம்பிச்சுச்சு. ஆயில் கைய எங்க விட்டு எடுத்தாலும் ஆயிலாத்தான் வரும், அந்தக் கைய நம்பி எம் புருசன ஜெயில்ல போட்டுட்டாகன்னு. ஒவ்வொரு நாளும் இதே பேச்சு. ஜீப்புக்காரய்ங்க ஒவ்வொருத்தனா வேற குழிக்குப் போக ஆரம்பிச்சாய்ங்க. என் முன்னாடி நல்லாத்தான் பேசுவாய்ங்க. ஆனா வண்டி வராது. பவுனுத்தாயி புருசன் என்னைப் பாத்தா அந்தப் பக்கமாத் திரும்பிக்கிருவான். எனக்கு ராத்திரி சோறு எறங்கல. நான் ஒரு தப்பும் செய்யலையே, எனக்கு ஏன் இந்தத் தண்டனைன்னு மருகிக் கெடந்தேன்.

அப்பத்தான் ஒரு முடிவுக்கு வந்தேன். வீரபாண்டித் திருவிழா கேள்விப்பட்டிருப்பீங்க. சித்திரையில தீச்சட்டி எடுப்போம். மண்சட்டியில வெறகப் போட்டு நெருப்பு வளத்து, ரெண்டு கையிலயும் ஏந்திக்கிட்டுக் கோயிலச் சுத்தி வரணும். கை சுடாம இருக்க அடியில வேப்பங்கொழைய வச்சுக்கிருவாங்க. நான் குழாயடியில போயி நின்னு அன்னக்கொடிகிட்டயே சொன்னேன். தாயி, இந்த வருஷம் நான் வேப்பங்கொழை இல்லாம எடுக்குறேன். நான் பாத்தது பொய்யின்னா ஆத்தா என் கையச் சுடட்டும், சட்டிய நான் கீழ போட்டா உன் புருசன் சொன்னது நெசம். போடாட்டி நீ வாய மூடிக்கணும். தெருவே கேட்டுச்சு. அது என்னைய ஒரு பார்வை பாத்துட்டு, சரி மாமான்னுச்சு.

எடுத்தேன் தம்பி. அன்னக்கொடி கூட்டத்துல மொத வரிசையில நின்னுச்சு. வெறுங்கையில சட்டிய வச்சாய்ங்க. எனக்குப் பின்னாடி வந்தவன் வேப்பங்கொழை வச்சும் நெளியுறான், மூச்சு வாங்குறான். எனக்கு ஒண்ணுமே தெரியல. சட்டி சுடவே இல்ல. கனம் மட்டும்தான். சத்தியமாச் சொல்றேன், ஏதோ வெறும் சட்டியத் தூக்கிக்கிட்டுப் போறேன், அப்படித்தான் இருந்துச்சு. ஒரு சுத்துதான் வழக்கம், நான் மூணு சுத்து சுத்துனேன். குலவை போட்டாங்க பாருங்க, கண்ணுல தண்ணி வந்துருச்சு எனக்கு. ஆத்தாவே வந்து சொல்லிட்டா, இனி எவன் என்ன பேச முடியும்?

அன்னக்கொடி வந்து கால்ல விழுந்துச்சு. என்னைய மன்னிச்சிருங்க மாமான்னு அழுதுச்சு. எந்திரி தாயின்னேன். நான் அதுகிட்ட வேற ஒண்ணும் சொல்லல. அதுவா முடிவெடுத்து, அந்த வாரத்தோட புருசனப் பாக்கப் போறத நிறுத்திருச்சு. மூணு பொம்பளைகளக் கொன்னுட்டு எங்கிட்டயும் பொய் சொல்லிட்டான்னு சொல்லிட்டு, புள்ளைகளக் கூட்டிக்கிட்டு அண்ணன் வீட்டோட கோடாங்கிபட்டிக்குப் போயிருச்சு. அவன் எழுதுன லெட்டரப் பிரிக்கிறது கூட இல்லையாம். நானா போகச் சொன்னேன்? நானா பிரிக்காதன்னேன்?

கையா? ஆமா, இதுதான். உள்ளங்கை ரெண்டும் அப்புறம் கொப்புளிச்சிருச்சு. மறுநாள் காலையில என் வீட்டுக்காரி பாத்துட்டுத்தான் சொன்னா. நெருப்புன்னா தோலு கொப்புளிக்கத்தான் செய்யும், ஆனா எனக்கு வலிச்சுச்சா? வலிக்கலையே. அதான விசயம். ஆனா புண்ணு ஆற மாட்டேன்னுருச்சு. ஒரு மாசம் இழுத்துச்சு. வீட்டுக்காரி பஞ்சவர்ணம் இழுத்துக்கிட்டுப் போயி தேனி ஆஸ்பத்திரியில உக்கார வச்சா.

அங்க ஒரு டாக்டரம்மா, சின்னப் பொண்ணு. மருந்து வச்சுக் கட்டிவிட்டா ஆச்சா? கண்ண மூடுங்கய்யான்னுச்சு. தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நூல வச்சுக்கிட்டு, இதால உங்க விரலத் தொடுவேன், தொட்டதும் சொல்லுங்கன்னுச்சு. நானும் கண்ண மூடிக்கிட்டு உக்காந்திருக்கேன், உக்காந்திருக்கேன், தொடுற வழியக் காணோம். என்னம்மா, எப்ப ஆரம்பிப்பன்னு கேட்டேன். முடிஞ்சிருச்சுங்கய்யா, ரெண்டு கையிலயும் பத்து விரலையும் தொட்டுட்டேன்னுச்சு.

தொடவே இல்ல தம்பி. தொட்டா எனக்குத் தெரியாதா? அது என் கையி. எத்தன வருஷமா இப்படி இருக்குன்னு என்னைய விட்டுட்டுப் பஞ்சவர்ணத்துகிட்ட கேக்குது. அவ ஒரு வெவரங்கெட்டவ. அஞ்சாறு வருஷமா இவருக்குச் சூடு தெரியறதில்லம்மா, அடுப்புல இருந்து கொதிக்கிற பாத்திரத்த வெறுங்கையால எறக்குறாரு, கையில முள்ளு ஏறுனா ரத்தத்தப் பாத்து நான் சொல்லணும்னு ஒப்பிக்கிறா. மெக்கானிக் கைம்மா, தோலு தடிச்சுப்போச்சுன்னு நான் சொல்றேன். அந்தப் பொண்ணு கேக்கவே இல்ல. சக்கரையில நரம்பு செத்துருச்சுங்கய்யா, இனி எதத் தொட்டாலும் கண்ணால பாத்துத் தொடுங்க, கைய நம்பாதீங்கன்னுச்சு. எங்கிட்ட! கைய நம்பாதேன்னு!

வெளிய வந்து பஞ்சவர்ணத்த நல்லா வஞ்சேன். ஆனா அன்னையில இருந்து, குழியில எறங்கி ஒரு நட்டத் திருகுனா, திருகுறேனா இல்லையான்னு குனிஞ்சு பாக்க வேண்டியிருக்கு. அந்தப் பொண்ணு சொன்ன வார்த்தை அப்படிப் பிடிச்சுக்கிருச்சு. பயம்னு சொல்ல மாட்டேன். நான் எதுக்குப் பயப்படணும், ஆத்தாவே தீர்ப்புச் சொல்லிட்டா. ஆனா தவமணி வாயால ஒரு வார்த்த கேட்டுட்டா நல்லா இருக்கும்னு தோணுச்சு. உன் மேல தப்பில்லண்ணேன்னு அவன் ஒரு வார்த்த சொல்லிட்டா, நான் நிம்மதியாப் படுத்துருவேன். அதுக்காகத்தான் மதுரைக்கு வர ஆரம்பிச்சேன்.

ரெண்டு தடவ மனுப் போட்டேன், ரெண்டு தடவயும் பாக்க மாட்டேன்னுட்டான். இன்னைக்கு மூணாவது தடவ. சரின்னுட்டான்.

உள்ள கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவய்ங்க, இந்தப் பக்கம் நாம. எல்லாரும் ஒரே நேரத்துல கத்துறதுனால யாரு பேசுறதும் யாருக்கும் கேக்காது. தவமணி எளச்சுப் போயிட்டான். தலை பாதி நரைச்சிருச்சு. என் கையத்தான் மொதல்ல பாத்தான். அன்னக்கொடி நல்லா இருக்கு, புள்ளைக பள்ளிக்கூடம் போகுதுன்னு சொன்னேன். தலைய ஆட்டுனான். நடந்தது நடந்துருச்சு தவமணி, எம் மேல கோவம் இல்லன்னு ஒரு வார்த்த சொல்லிருடான்னு கேட்டேன். கெஞ்சுனேன்னே வச்சுக்கங்க. ஏன்டா கெஞ்சுறோம்னு எனக்கே கூச்சமா இருந்துச்சு.

அவன் கோவமெல்லாம் படல. வலைக்குப் பக்கத்துல வாயக் கொண்டாந்தான்.

“ஒண்ணு மட்டும் சொல்லுண்ணே. அன்னைக்கு விரல உள்ள விட்டியே, ஆயில் சூடா இருந்துச்சா, ஆறி இருந்துச்சா?”

என்ன கேள்வி இது? இத்தன நாளு கழிச்சுக் கேக்குற கேள்வியா? ஆனா நான் பொய் சொல்ற ஆளு இல்ல தம்பி. கோர்ட்டுலயே பொய் சொல்லாதவன் இவங்கிட்டயா சொல்லப்போறேன். நல்லா யோசிச்சுப் பாத்துத்தான் சொன்னேன். சூடெல்லாம் இல்லடா, ஆறித்தான் இருந்துச்சுன்னேன்.

அவன் கண்ண மூடிக்கிட்டான். நான் கூட அழுகுறானோன்னு பாத்தேன். அழுகல.

“மலையவிட்டு எறங்கிப் பத்து நிமிஷம் ஆகலண்ணே. அந்த நட்டே கொதிச்சிருக்கும். நீ வெறுங்கையால கழட்டுன, நான் மேல நின்னு பாத்தேன். எங்கண்ணனுக்குக் கை அப்படி உரமேறிப்போச்சுன்னு நெனச்சேன்.”

அப்புறம் அவனே சொன்னான். உன் கைக்கு ஒண்ணும் தெரியலண்ணே. இத யாருகிட்டயும் சொல்ல வேணாம். கோர்ட்டுக்குப் போக வேணாம், ஊர்ல சொல்ல வேணாம். மூணு பேரு போனது போனதுதான், என் ஜெயில நான் இருந்துட்டு வர்றேன். அன்னக்கொடிகிட்ட மட்டும் போயி, ஆயில் ஆறி இருந்துச்சுன்னு எங்கிட்ட சொன்னத அதுகிட்டயும் சொல்லிரு. வேற ஒண்ணும் வெளக்க வேணாம். டிரைவர் பொண்டாட்டி, அதுக்குப் புரியும். என் புள்ளைக என்னையக் கொலகாரன்னு நெனச்சுக்கிட்டு வளருதுகண்ணேன்னான். அதுக்குள்ள மணி அடிச்சுட்டாய்ங்க.

என் மேல தப்பில்லைன்னு அவன் சொல்லவே இல்ல தம்பி. நான் போனதே அதுக்குத்தான்.

நீங்களாச்சும் சொல்லுங்க. நான் என்ன செஞ்சிருக்கணும்? சூடா இருந்துச்சுன்னு சொல்லியிருந்தா அது பொய்யி. எனக்குச் சுடல, சுடலைன்னுதான் சொல்ல முடியும். சுடாட்டி ஆயில் இல்லைன்னு ஆயிருமா? விரல்ல ஆயில் இருந்துச்சே, ரெண்டு கண்ணால பாத்தேனே, அவனுந்தான பாத்தான்? ஏற்கெனவே கையில இருந்த ஆயிலும் அந்த ஆயிலும்... சரி, விடுங்க. இனிமே பேசி அந்த மூணு பேரும் எந்திரிச்சு வரப்போறாங்களா?

தேனி தாண்டிட்டோம். காத்து நல்லா வருதா? மழை வாசன வருதுன்னு முன்னாடி சீட்டுல சொல்றாய்ங்க.

அந்தா, கண்டக்டர் கத்துறாரு பாருங்க, கோடாங்கிபட்டி. இங்கதான் அன்னக்கொடி இருக்குது. அந்த ஓட்டு வீடு, வாசல்ல ஒரு புள்ள பொஸ்தகத்த வச்சுக்கிட்டு உக்காந்திருக்குல்ல, அது பெரியவ. அப்பன் மாதிரியே மொகம். வீட்ல எல்லாரும் இருக்காங்க போல.

இல்ல தம்பி, எந்திரிக்காதீங்க. வழி வேணாம். உக்காருங்க. இப்பப் போயி நின்னா அது என்ன நெனைக்கும்? பாவம், இப்பத்தான் அழுது முடிச்சு ஒரு நெலைக்கு வந்திருக்குது. நாலு வேளை நிம்மதியாச் சோறு திங்கிறதுக, அதப் போயி எதுக்குக் கெடுக்கணும்? புள்ளைக முன்னாடி வச்சுப் பேசுற பேச்சா இது? ஒரு நல்ல நாளாப் பாத்து, அது தனியா இருக்கும்போது, பக்குவமாச் சொல்லணும்.

வண்டிய எடுத்துட்டாரு. அடுத்த வாரம் வந்தாப் போச்சு. இல்லாட்டி அதுக்கு அடுத்த வாரம். அவன் வர்றதுக்கு இன்னும் பதினாலு மாசம் கெடக்குல்ல தம்பி.